பாகாலா சந்திப்பில் தொடங்கும் உலக அரசியல்

பாகாலா ரயில் சந்திப்பிலிருந்து தண்டவாளம் மூன்று பக்கம் பிரிகிறது. ஒன்று சந்திரகிரி வழியாகத் திருப்பதிக்குப் போகிறது. இன்னொன்று சித்தூர் வழியாகக் காட்பாடிக்கு. மூன்றாவது பீலேரு, கதிரி வழியாகத் தர்மாவரத்துக்கு. தமிழும் தெலுங்கும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ரயிலுக்குக் காத்திருக்கிற ஊர் இது. பள்ளிப் படிப்பை முடித்து முப்பது வருடம் ஆன ஒருவர் இந்த ஊரில், "உலக அரசியலை அடிப்படையிலிருந்து படிக்க ஆசை, எங்கே ஆரம்பிப்பது?" என்று கேட்டால் என்ன சொல்வது?

போட்டித் தேர்வுக் கையேடு ஒன்றை வாங்கிக் கொடுப்பதுதான் வழக்கம். ஐக்கிய நாடுகள் சபை தொடங்கியது 1945. இன்றைய உறுப்பினர் 193. பாதுகாப்பு அவையில் வெட்டு அதிகாரம் உள்ள நாடுகள் ஐந்து. எல்லாம் சரியான தகவல்கள். ஆனால் மூன்று வாரம் கழித்து அந்தப் புத்தகம் அலமாரிக்கு மேலே போய்விடும். தேர்வு எழுதப் போகிற இளைஞருக்கு மனப்பாடம் செய்ய ஒரு காரணம் இருக்கிறது. வயது வந்தவருக்கு அது இல்லை. அவருக்கு வேண்டியது விளக்கம்: எண்ணெய் விலை ஏன் ஏறியது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் குவைத் வேலை ஏன் போனது, மாங்காயை ஏன் மரத்திலேயே விட்டுவிட வேண்டி வந்தது. பெரியவர்களுக்கான உலக அரசியல் பாடம் அவர்கள் ஊரைக் கடந்துபோகும் ஒரு பொருளிலிருந்தோ ஒரு பாதையிலிருந்தோ தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். அதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது.

பிரேசிலின் பாவுலோ ஃபிரெய்ரே 1963இல் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுத்தறிவு கொடுத்த கதையைக் கல்வியாளர்கள் அடிக்கடி சொல்வார்கள். கற்பவர்களின் வேலையிலிருந்தும் வாழ்க்கையிலிருந்தும் சொற்களை எடுத்து, அந்தச் சொல்லைச் சுற்றிப் பேச்சை வளர்த்து, பிறகு எழுத்துக்கு வருவது அவர் முறை. அடுத்த ஆண்டு ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் அவரைச் சிறையில் அடைத்தது. பெரியவர்களின் படிப்பு எங்கே கொண்டு போய்விடும் என்பது அந்த ராணுவத்துக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அத்தனை தூரம் போவானேன்? பாகாலாவிலிருந்து சில மணி நேரப் பயணத்தில் இருக்கிறது நெல்லூர் மாவட்டம். அங்கே 1990களின் தொடக்கத்தில் முழு எழுத்தறிவு இயக்கம் நடந்தது. அதன் பாடநூலில் சீதம்மா என்ற பெண்ணின் கதை ஒன்று இருந்தது: சாராயத்தால் சீரழியும் குடும்பம், அதை எதிர்த்து எழும் பெண்கள். இரவில் அரிக்கேன் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவர்களுக்கு அது தங்கள் கதையாகவே பட்டது. தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் 1992இல் சாராயக் கடையை மறித்தார்கள். தீ ஊர் ஊராகப் பரவியது. 1993 அக்டோபரில் ஆந்திரத்தில் சாராயத்துக்குத் தடை வந்தது. 1995 ஜனவரியில் முழு மதுவிலக்கே வந்தது. பின்னால் அந்த மதுவிலக்கு தளர்த்தப்பட்டது வேறு விஷயம். கலால் வருமானம், ஏலம், அமைச்சரவை, தேர்தல் என்று மாநில அரசியலின் முழு இயக்கத்தையும் அந்தப் பெண்கள் ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு கற்றுக்கொண்டார்கள். இதே வழியில் ஒருவர் உலகத்துக்கும் போகலாம்.

முதலில் திருப்பதி பக்கம் போகும் ரயிலில் ஏறுவோம். திருப்பதிக்கு முன்னால் வருகிறது சந்திரகிரி. தலைக்கோட்டைத் தோல்விக்குப் பிறகு தெற்கே நகர்ந்து வந்த விஜயநகர அரசின் கடைசிக்காலத் தலைநகரங்களில் ஒன்று அது. 1639இல் அந்த அரசின் கீழிருந்த தாமர்ல நாயக்கர் சோழமண்டலக் கரையில் ஒரு மணல்திட்டைக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரான்சிஸ் டேக்குக் கொடுத்தார். சென்னையின் ஆங்கிலேயத் தொடக்கம் அதுதான். கம்பெனிக்கு இங்கே என்ன வேலை? இந்தோனேசியத் தீவுகளில் வாசனைப் பொருள் வாங்க வேண்டும். அங்கே கைமாற்றுக்கு எடுபட்ட சரக்கு சோழமண்டலத் துணி. துணி மலிவாகவும் தடையில்லாமலும் கிடைக்கும் ஓர் இடம் அவர்களுக்குத் தேவைப்பட்டது. நாயக்கருக்குத் துறைமுக வருமானமும், போட்டியாளர்களுக்கு எதிராக ஒரு துணையும் தேவைப்பட்டன. மேலே இருந்த அரசு தளர்ந்திருந்தது. உள்ளூர்த் தலைவர் தன் அளவில் லாபமான ஒப்பந்தம் ஒன்றைச் செய்துகொண்டார். அதன் விளைவை முந்நூறு வருடம் நாடு சுமந்தது.

இதை இப்படிப் புரிந்துகொண்டவருக்கு அம்பாந்தோட்டையைப் புரியவைப்பது எளிது. 2017இல் இலங்கை அந்தத் துறைமுகத்தைச் சீன நிறுவனம் ஒன்றுக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு, ஏறக்குறைய 112 கோடி டாலருக்குக் கொடுத்தது. 'சீனா கடன் வலை விரித்துத் துறைமுகத்தைப் பிடுங்கிக்கொண்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடுவது பரவலான வழக்கம். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அந்தக் குத்தகைப் பணத்தால் சீனக் கடன் அடைபடவில்லை. அது அந்நியச் செலாவணிக் கையிருப்புக்குப் போனது. 2022 ஏப்ரலில் இலங்கை கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தபோது, அதன் வெளிக்கடனில் மிகப் பெரிய பகுதி சர்வதேசச் சந்தையில் விற்ற கடன் பத்திரங்கள். சீனாவின் பங்கு சிறியதென்றோ அதன் நோக்கம் தூயதென்றோ நான் சொல்லவரவில்லை. சந்திரகிரியில் கேட்ட அதே கேள்விகளை இங்கேயும் கேட்கச் சொல்கிறேன்: கொடுத்தவருக்கு என்ன அவசரம்? வாங்கியவருக்கு என்ன தேவை? இடையில் யார் தளர்ந்திருந்தார்? ஒற்றை வரி விளக்கத்தை நம்பாமலிருப்பது ஆரம்ப நிலையிலேயே பழக வேண்டிய ஒழுக்கம். பெரிய பட்டங்கள் வாங்கியவர்களும் இதில் சறுக்குவதைப் பார்க்கிறோம்.

சந்திரகிரியைச் சுற்றி நிற்பது சேஷாசலம் மலை. இந்தப் பகுதி மக்கள் யாருக்கும் விளக்கத் தேவையில்லாத பொருள் ஒன்று அங்கே வளர்கிறது: செம்மரம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியைத் தவிர வேறெங்கும் அது இயற்கைக் காடாக இல்லை என்றே சொல்லலாம். அதை வாங்குபவர்களோ கடல் தாண்டி இருக்கிறார்கள். சீனத்தில் அரண்மனைப் பாணி மரச்சாமான்களுக்கு அதன்மேல் மோகம். ஜப்பானில் ஷாமிசென் என்ற நரம்பிசைக் கருவியின் கழுத்துப் பகுதிக்கு அது உகந்தது. அழியும் ஆபத்தில் இருக்கும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தம் 1975இல் நடைமுறைக்கு வந்தது. செம்மரம் அதன் இரண்டாம் பட்டியலில் 1995இல் சேர்ந்தது.

பன்னாட்டு ஒப்பந்தம் என்பது எப்படி வேலை செய்கிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. சைட்டிஸுக்குப் போலீஸ் கிடையாது, சிறை கிடையாது. ஜெனீவாவில் ஒரு செயலகமும், நாடுகள் கூடிப் பேசும் கூட்டங்களும் உண்டு. விதியை நடைமுறைப்படுத்துவது அந்தந்த நாட்டின் சட்டமும் சுங்கத்துறையும் வனத்துறையும். இந்தியா 1976லேயே உறுப்பினர் ஆனது. சைட்டிஸ் விதிகளுக்கென்று தனி அத்தியாயத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்ததோ 2022இன் திருத்தத்தில்தான். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கும் உள்நாட்டில் அதற்குச் சட்டம் எழுதுவதற்கும் நடுவே இத்தனை ஆண்டு இடைவெளி விழக்கூடும். செம்மர வணிகம் குறித்து இந்தியா 2004 முதல் சிறப்புக் கண்காணிப்பில் இருந்தது. 2023 நவம்பரில்தான் அதிலிருந்து விடுபட்டது. பட்டா நிலத்தில் செம்மரம் வளர்க்கும் சித்தூர், கடப்பா விவசாயிகள் காத்திருந்த செய்தி அது. எங்கோ ஜெனீவாவில் ஒரு குழு கூடி எடுத்த முடிவு இங்கே ஒரு மரத்தின் விலையைத் தொடுகிறது.

இதே மரத்துக்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் போனால் பாடம் பொய்யாகிவிடும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில், சந்திரகிரி வட்டாரத்தில், செம்மரக் கடத்தல் தடுப்புப் படையின் துப்பாக்கிச் சூட்டில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் தமிழ்நாட்டின் திருவண்ணாமலை, தர்மபுரி போன்ற மாவட்டங்களிலிருந்து கூலிக்கு வந்தவர்கள். தாக்கப்பட்டதால் தற்காப்புக்குச் சுட்டோம் என்றது காவல் தரப்பு. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டு போனார்கள் என்று தப்பியவர்கள் சொன்னார்கள். விவகாரம் தேசிய மனித உரிமை ஆணையம் வரை போனது. ஜவ்வாது மலையில் விவசாயம் பொய்த்த வீட்டிலிருந்து கோடரியோடு கிளம்பியவருக்கு பெய்ஜிங்கில் அந்தக் கட்டையின் விலை என்னவென்று தெரிந்திருக்க வழியில்லை. விதியை எழுதியவர் ஓரிடம், பொருளை அனுபவிப்பவர் ஓரிடம், லாபம் எடுப்பவர் ஓரிடம், உயிரைக் கொடுப்பவர் ஓரிடம். இந்த நான்கு பேரையும் தனித்தனியாக அடையாளம் காணக் கற்றவர் காங்கோவின் கோபால்ட் சுரங்கம் பற்றிய செய்தியையும் படித்துப் புரிந்துகொள்வார். எனக்கு இது வெறும் பாடமுறை பற்றிய விஷயமாகப் படவில்லை. இறந்தவர்கள் நம்மவர்கள். அவர்கள் எதற்காக இறந்தார்கள் என்று முழுதாகத் தெரிந்துகொள்வது நம் கடமை.

இனி தெற்கே, சித்தூர்–காட்பாடிப் பாதை. 1890களின் தொடக்கத்தில் இந்தப் பக்கம் வந்த தடம் மீட்டர் கேஜ். காட்பாடியிலோ சென்னையிலிருந்து வரும் பிராட் கேஜ். ஒரு வண்டியின் சரக்கை இன்னொரு வண்டிக்கு ஆள் வைத்து மாற்ற வேண்டியிருந்த காலத்தைப் பெரியவர்கள் நினைவில் வைத்திருப்பார்கள். தண்டவாள அகலம் அரசியல் என்பதற்கு இந்த அனுபவம் போதும். உக்ரைன் ரயில் பாதையின் அகலம் பழைய ரஷ்யப் பேரரசிலிருந்து வந்தது, 1520 மில்லிமீட்டர். மேற்கே போலந்தில் 1435. 2022இல் ரஷ்யா கருங்கடல் துறைமுகங்களை அடைத்தபோது, கோதுமையை ரயிலில் ஐரோப்பாவுக்கு அனுப்பப் பார்த்த உக்ரைனுக்கு எல்லையில் இந்த 85 மில்லிமீட்டர் வித்தியாசம் குறுக்கே நின்றது. ஒவ்வொரு பெட்டியிலும் சக்கரத்தை மாற்று, அல்லது சரக்கை மாற்று. அந்த ஆண்டு ஜூலையில் துருக்கியும் ஐ.நா.வும் நடுநின்று கருங்கடல் வழியைத் திறக்க ஓர் உடன்பாடு செய்தன. ஓராண்டில் ரஷ்யா அதிலிருந்து விலகியது. நம் அடுப்படியில் சூரியகாந்தி எண்ணெய் விலை ஏறியதும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான். போருக்கு முன்பு இந்தியா இறக்குமதி செய்த சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு உக்ரைனுடையது.

அதே பாதையில் சித்தூர் நெருங்க நெருங்க மாந்தோப்புகளும் பழச்சாறு ஆலைகளும் வரும். 2025 பருவத்தில் தோத்தாபுரி மாம்பழத்தின் விலை விழுந்து, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தருவதாக ஏற்பாடு ஆனது. கர்நாடகத் தோத்தாபுரி உள்ளே வராமல் சித்தூர் மாவட்ட நிர்வாகம் தடுத்ததால் இரண்டு மாநில முதல்வர்களுக்கிடையே கடிதம் பறந்தது. முந்தைய பருவத்தின் மாங்கூழ் விற்காமல் தேங்கியிருப்பதை ஆலைகள் ஒரு காரணமாகச் சொன்னன. அந்தக் கூழ் வளைகுடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிற சரக்கு. உள்ளூர் விவசாயியைக் காக்க வெளிச்சரக்கை மறிப்பது, மறிக்கப்பட்டவர் எதிர்ப்பது, நடுவர் யாரென்று தேடுவது: இறக்குமதி வரி பற்றி உலக வர்த்தக அமைப்பில் நடக்கும் வழக்குகளின் உள்ளடக்கம் இதுவே. மாநில எல்லையில் லாரியைத் திருப்பி அனுப்பியதைப் பார்த்தவருக்கு அதை விளக்க நேரமாகாது.

கதிரி, தர்மாவரம் பக்கம் போகும் மூன்றாவது பாதையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ராயலசீமையின் பல ஊர்களில் வீட்டுக்கு ஓர் ஆள் வளைகுடாவில் இருப்பார். 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. சுமார் 1,70,000 இந்தியர்களை விமானத்தில் திருப்பி அழைத்துவர வேண்டி வந்தது. அவர்கள் அனுப்பிய பணம் நின்றது, கச்சா எண்ணெய் விலை ஏறியது. ஏற்கனவே தள்ளாடிய இந்தியாவின் அந்நியச் செலாவணிக் கையிருப்பு கரைந்து, 1991 ஜூலையில் ஏறத்தாழ 47 டன் தங்கத்தை அடகு வைக்கும் நிலை வந்தது. அந்த ஆண்டின் பொருளாதாரச் சீர்திருத்தங்களுக்குப் பின்னால் ஒரு பாலைவனப் போரும் இருக்கிறது.

தமிழில் உலக அரசியலைப் புதிதாகக் கற்பவருக்கு ஆசிரியர் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன். வெ. சாமிநாத சர்மா இருந்தார். 1895இல் வட ஆற்காடு மாவட்டத்து வெங்களத்தூரில் பிறந்தவர். அப்போது அந்த மாவட்டத்தின் தலைமையிடம் சித்தூர். 1911இல்தான் சித்தூர் தனி மாவட்டம் ஆனது. ஆகவே அன்று பிறந்த பாகாலாக்காரருக்கும் சர்மாவுக்கும் பிறப்புச் சான்றிதழில் ஒரே மாவட்டம் என்று சொல்லலாம். திரு.வி.க.வுடன் 'தேசபக்தன்', 'நவசக்தி' இதழ்களில் பணிபுரிந்து, 1932இல் ரங்கூன் போனார். 1937 முதல் அங்கே 'ஜோதி' என்ற மாத இதழை நடத்தினார்.

அந்த இடத்தையும் காலத்தையும் யோசித்துப் பார்க்க வேண்டும். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் கால்பங்கு அப்போது செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. ரங்கூன் துறைமுகத்தில் தமிழரும் தெலுங்கரும் மூட்டை சுமந்தார்கள். 1937இல் ஜப்பான் சீனாவின்மேல் பாய்ந்தது. சீனாவுக்குப் போக வேண்டிய ஆயுதங்கள் ரங்கூனில் இறங்கி பர்மா சாலை வழியே மலையேறின. வாசகர்களின் வாழ்வும் முதலும் இந்த வரைபடத்தின்மேல் இருந்தன. வரைபடத்தைப் படித்துக் காட்ட தமிழில் ஆள் வேண்டியிருந்தது. சர்மா அதைச் செய்தார். ஹிட்லர், முஸோலினி, பாலஸ்தீனம், செக்கோஸ்லோவேகியா, சீனாவின் வரலாறு, ருஷ்யாவின் வரலாறு என்று அவர் நூல் வரிசை போகிறது. ஒரு நாடு, ஒரு தலைவர், ஒரு பிரச்சினை. அதற்கு ஒரு புத்தகம். உலகம் முழுவதையும் ஒரே மூச்சில் விழுங்கச் சொல்லாத அந்த முறை இன்றைக்கும் பொருந்தும். 1941 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் ரங்கூனைக் குண்டு வீசித் தாக்கின. உலக அரசியலைத் தமிழருக்குச் சொல்லிக்கொடுத்தவர், லட்சக்கணக்கான இந்திய அகதிகளில் ஒருவராகக் காடும் மலையும் கடந்து நாடு திரும்பினார். அந்த நடையையும் எழுதிவைத்தார்.

சொற்களைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு மொழி தெரிந்தவர்களுக்கு இதில் ஒரு பெரிய வசதி உண்டு. அமெரிக்காவைத் தமிழ்ப் பத்திரிகை வல்லரசு என்கிறது, தெலுங்குப் பத்திரிகை அக்ரராஜ்யம் என்கிறது. முன்னது வலிமையைச் சொல்கிறது, பின்னது வரிசையில் முதலிடத்தைச் சொல்கிறது. ஒரு நாடு வலிமை குன்றாமலே முதலிடத்தை இழக்க முடியுமா என்ற கேள்வி இந்த இரண்டு சொல்லையும் பக்கத்தில் வைத்தாலே எழுந்துவிடும். பொருளாதாரத் தடை என்று நாம் எழுதுவதைத் தெலுங்கில் ஆங்க்ஷலு என்கிறார்கள். கட்டுப்பாடுகள் என்று பொருள். 'தடை' என்றால் கதவு முழுக்க மூடியதாகத் தோன்றுகிறது. 2022க்குப் பிறகு ரஷ்யாவின்மேல் மேற்குலகம் விதித்தவற்றைத் தடை என்றே எழுதினோம். அதற்கு முன் ரஷ்யக் கச்சா எண்ணெயை மிகச் சொற்பமாக வாங்கிய இந்தியா, இரண்டே ஆண்டில் தன் கச்சா எண்ணெய் இறக்குமதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அங்கிருந்து வாங்கியது. இந்த இடத்தில் தெலுங்குச் சொல்தான் உண்மைக்கு நெருக்கம்.

எல்லை என்ற சொல்லைப் பாகாலாப் பகுதி மக்கள் தங்கள் வாழ்நாளிலேயே கற்றவர்கள். 1953இல் ஆந்திரம் பிரிந்தபோது சித்தூர் மாவட்டம் அங்கே போனது. தமிழ் பேசும் பகுதிகளைத் திரும்பக் கேட்டு ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் வடக்கெல்லைப் போராட்டம் நடத்தினார்கள். படாஸ்கர் நடுவராக வந்து, கிராமத்தை அலகாக வைத்து, பெரும்பான்மை மொழியையும் நிலத்தொடர்ச்சியையும் பார்த்துப் பிரிக்கலாம் என்றார். 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போனது. ஒருவர் உயிரும் போகாத எல்லை மாற்றம் என்று இதைச் சொல்ல முடியாது. போராட்டத்தில் உயிர்ப்பலி இருந்தது. ஆனாலும் 1947இல் நாடு பிரிந்தபோது ராட்கிளிஃப் ஐந்து வாரத்தில் கோடு கிழித்த பஞ்சாபையும் வங்காளத்தையும் இதோடு வைத்துப் பாருங்கள். அலகு எது, அவகாசம் எவ்வளவு, நடுவரை இரு தரப்பும் ஏற்றார்களா: எல்லைத் தகராறு எங்கே வெடித்தாலும் கேட்க வேண்டியவை இந்த மூன்றுதான்.

சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழ் படிக்கும் குடும்பங்கள் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்த ஊர்களின் நூலகப் பொறுப்பாளர்களுக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. சர்மாவின் நூல்களில் நான்கைந்தையும் ஓர் உலக வரைபடத்தையும் வாங்கி நூலகத்தில் வையுங்கள். வாரம் ஒரு மாலை பத்துப் பேர் உட்கார்ந்து, மாங்கூழோ செம்மரமோ பெட்ரோலோ, ஏதாவது ஒரு பொருளின் பாதையை அந்த வரைபடத்தில் விரல் வைத்துத் தேடட்டும். தமிழில் ஒருவர் படிக்க, தெலுங்கில் இன்னொருவர் கேள்வி கேட்கட்டும்.